28 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிடலாம் என்கிறார்கள். பிரசவ அறையில் குழந்தைக்கு என்னென்ன செய்வார்கள், நாங்கள் எதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

மனைவி ஏற்கெனவே அட்மிட் ஆகியிருப்பார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி போட்டாகிவிட்டதா, அங்கேயே என்.ஐ.சி.யூ. (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே ஆஸ்பத்திரி மாறுவது நல்லது. பிறந்த பிறகு ரிங் ரோடு டிராஃபிக்கில் ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் பாடு வேண்டாம்.

நான் நாகர்கோவில்காரி, டெல்லியில் பல வருஷமாக லேபர் ரூம் நர்ஸ். எனக்குச் சண்டையெல்லாம் ஏசி ரிமோட்டோடுதான். சர்ஜன்களுக்கு 18-இல் ஓடினால்தான் கை ஓடும். ஆனால் 32 வாரத்துக்கு முன்னால் பிறக்கிற குழந்தைக்குத் தோல் மெல்லிசு, அடியில் கொழுப்பே இருக்காது, ஈரத்தோடு அந்தக் குளிரில் வந்தால் நிமிஷத்தில் சில்லிட்டுவிடும். உடம்புச் சூடு 36.5-க்குக் கீழே போனால் மூச்சுத் திணறல், சர்க்கரை இறங்குவது என்று ஒவ்வொன்றாக வரும். அறை 23 முதல் 25 டிகிரியாவது இருக்க வேண்டும்.

ஒரு மே மாத ராத்திரி, ஆர்.கே.புரத்துத் தமிழ்க் குடும்பம், இதே 28 வாரம், அவசர சிசேரியன். ஏசியை 25-க்கு ஏற்றினேன். "நான் வேர்த்து ஒழுகணுமா சிஸ்டர்?" என்று கத்தினார் சர்ஜன், நான் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. குழந்தை தானாக மூச்சு விட்டதால் தொப்புள்கொடியை ஒரு நிமிஷம் வெட்டாமல் விட்டோம், நஞ்சுக்கொடியில் இருக்கிற ரத்தம் அதற்குள் குழந்தைக்குப் போய்ச் சேரும். (தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமென்றால் காத்திருக்க மாட்டார்கள், அப்போது சண்டை போடாதீர்கள்.) பிறகு துடைக்காமல், ஆமாம், ஈரத்தோடேயே, கழுத்து வரைக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு, தலைக்குக் குல்லா மாட்டி, மேலிருந்து சூடு தருகிற வார்மருக்குக் கீழே சிபாப் மாஸ்க் (நுரையீரல் சுருங்கிவிடாமல் லேசான அழுத்தத்தில் காற்று தருவது) வைத்தோம். ஆக்சிஜனை 30 சதவீதத்தில் ஆரம்பித்தோம். ஐந்தாவது நிமிஷத்தில் மானிட்டரில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 80 சதவீதம் காட்டினாலே போதும், 95 வரவில்லையே என்று பதறாதீர்கள். வெளியே பாட்டி, "பிள்ளையைக் காய்கறி மாதிரி கவர்ல போட்டுக் கொண்டுபோறாங்களே!" என்று அலறிவிட்டார். என்.ஐ.சி.யூ.வில் அளந்தபோது சூடு 36.8.

'நர்ஸுக்கு இவ்வளவு திமிரா' என்று கமெண்ட் போடுகிறவர்கள் போடட்டும். டாக்டரைவிட எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, அந்த டிகிரிக் கணக்கை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே குழந்தை டாக்டர்கள்தான். இத்தனைக்கும் பயிற்சி எடுத்த நர்ஸை ரொட்டேஷன் என்று எலும்பு வார்டுக்கு அனுப்புவார்கள்.

அப்புறம், 2021-இல் வந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு, இங்கே சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியிலும் நடந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்த கையோடு அம்மா மார்பில் அணைத்து வைத்ததில் முதல் 28 நாள் இறப்பு கால்வாசி குறைந்தது. உங்கள் ஆஸ்பத்திரியில் விடுவார்களா என்று கேளுங்கள், முன்பக்கம் திறக்கிற நைட்டியாக ரெண்டு வாங்கி வையுங்கள்.