கணக்கு சரிதான் தம்பி

அன்புள்ள அண்ணா,
2022 மார்ச் 16 இரவு அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபய டிவில நாட்டு மக்களுக்கு ஆற்றின உரையைப் போன கிழமைதான் யூடியூப்ல முழுசாப் பார்த்தன். அந்த நேரம் நான் ஸ்கூல் பெடியன், எங்கட பக்கம் கரண்டும் இல்லை. இப்ப பார்க்க மனுசன் நிதானமாக் கணக்கு வழக்கோடதான் கதைக்கிறார். இந்த நெருக்கடியைத் தான் உருவாக்கேல்லை எண்டதிலயும் ஞாயம் இருக்கிற மாதிரித்தான் கிடக்கு. நீங்கள் ஏன் அதை எப்ப பார்த்தாலும் நக்கலடிக்கிறியள்?
- ஒரு வாசகர், வவுனியா

தம்பி,
கணக்கு பிழை எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. ஏற்றுமதியால 12 பில்லியன் டொலர் வரும், இறக்குமதிக்கு 22 போகும், 10 பில்லியன் துண்டு விழும், அதுக்கு மேல கடன் தவணை 6.9 பில்லியன், எல்லாம் சரி. முந்தின அரசாங்கங்கள் வாங்கின கடன், ஈஸ்டர் குண்டு, கொரோனா, அதுகளும் உண்மைதான், நானும் மறுக்கேல்லை.

ஆனா அவர் சொன்னது அந்த வருசத்துக் கணக்கு. 2019 நவம்பர்ல 69 லட்சம் வோட்டோட வந்து குந்தின கையோட வற் வரியை 15 வீதத்தில இருந்து 8க்கு இறக்கினது ஆர்? 2021 மே மாசம் யோசிக்காமல் கொள்ளாமல் இரசாயன உரத்தைத் தடை செய்து, கமக்காரர் ரோட்டில இறங்கின பிறகு நவம்பர்ல திருப்பி எடுத்தது ஆர்? டொலரை 200 ரூபாக்குக் கிட்ட இழுத்துப் பிடிச்சு வைச்சிருந்து, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) பக்கம் போகமாட்டம் எண்டு வீம்பு பிடிச்சு, 2022 ஜனவரியில 500 மில்லியன் டொலரைத் தூக்கிக் கடன்பத்திரக்காரருக்குக் கட்டிப்போட்டு, ரெண்டு மாசத்தில டீசல் கப்பலுக்குக் குடுக்கக் காசில்லாமல் நிண்டது ஆற்ற ஆட்சியில? ரெண்டு வருசத்துக்கு மேல கதிரையில இருந்த ஆள் நேற்று வந்து பொறுப்பெடுத்த மாதிரிக் கதைச்சால் நக்கல் வராமல் என்ன வரும்.

அண்டைக்கு நான் மண்ணெண்ணெய் லைன்ல, பக்கத்தில நிண்ட பெடியன்ற போன்லதான் உரையைக் கேட்டனான். எரிபொருளையும் கரண்டையும் சிக்கனமாப் பாவியுங்கோ எண்ட இடம் வர, கானைக் காலுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்ட அம்மா ஒராள், "இருந்தாத்தானே ராசா சிக்கனம்" எண்டா. லைன் முழுக்கச் சிரிப்பு. டிவி உரையில உள்ள வசதி அதுதான், கமராவுக்கு முன்னால இருந்து கதைச்சால் அந்த அம்மா சொன்னது அவருக்குக் கேக்காது.

கேக்கிற தூரத்துக்குச் சனம் போனது பிறகுதானே. மார்ச் 31 மிரிஹானையில அவற்ற வீட்டு வாசல், ஏப்ரல் 9ல இருந்து ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால காலிமுகத்திடல். ஏப்ரல் 18 புது அமைச்சரவைக்கு முன்னால அதே மனுசன், உரத்தை நிப்பாட்டினது பிழை, ஐஎம்எஃப்ட்ட முந்தியே போயிருக்கோணும் எண்டு தன்ர வாயாலயே சொன்னார். அந்த ஒரு மாசச் சொச்சத்தில புதுசா எந்தக் கணக்கும் வரேல்லை தம்பி, வாசல்ல சனம் வந்ததுதான்.

அந்த ஏப்ரல் பேச்சையும் ஒருக்கா தேடி எடுத்துப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் மார்ச் உரையில ஞாயம் இருக்கு எண்டு பட்டால் திருப்பி எழுதுங்கோ, போடுறன்.