பிளேக் காலத்து பம்பாய்: கேள்வி பதில்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவியில் பிளேக் கிளம்பியது. 1900-க்குப் பிறகும் வருடா வருடம் திரும்பி வந்தது. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சார், ஏன் மாண்டவியில் முதலில்? (மருத்துவ மாணவர்)

அங்கே கீழ்த்தளம் தானியக் கிடங்கு, மேலே குடித்தனங்கள். மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும் முன்பே கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்தன. நோய் பிளேக்தான் என்று கண்டு சொன்னவர் அங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் அகாசியோ வியேகாஸ்.

சாக்கடை நாற்றம்தான் காரணம் என்றார்களாமே?

ஆமாம், அப்படித்தான் நம்பினார்கள். சாக்கடைகளில் கடல்நீரையும் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தையும் பாய்ச்சினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வெளிச்சம் வர கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். பிளேக் கண்ட வீட்டுச் சுவரில் வட்டம் போட்டு, தேதி எழுதிவிட்டுப் போவார்கள். குடியிருக்க லாயக்கில்லாத வீடு என்றால் 'யூ.ஹெச்.ஹெச்.' (Unfit for Human Habitation) என்று மூன்று எழுத்து. எலித் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் காட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1905-இல் தொடங்கி பம்பாயிலேயே நடந்த பிளேக் கமிஷன் ஆய்வுகள்தான் சந்தேகத்தைத் தீர்த்தன.

துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி எங்கேயும் எழுதக் காணோமே, ஐயா?

எழுத வேண்டியதே அவர்களைப் பற்றித்தான். பழைய பம்பாயில் பெரும்பாலும் எடுப்புக் கக்கூஸ். இரண்டு வீட்டு முதுகுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து. மேல் மாடிக் கழிவெல்லாம் அங்கேதான் வந்து விழும். ஹலால்கோர் என்றழைக்கப்பட்டவர்கள் அதற்குள் இறங்கி, கூடையில் அள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். 1896 அக்டோபரில் நோயாளிகளைக் கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக உத்தரவு வந்ததும் ஊரே கொதித்தது. ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியை மில் தொழிலாளர்கள் தாக்கினார்கள். நகராட்சியை உண்மையில் நடுங்க வைத்தது, ஹலால்கோர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம். உத்தரவைத் தளர்த்தியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நகரத்தின் சுகாதாரம் யார் தலையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தடுப்பூசி இருந்ததா?

இருந்தது. நுண்ணுயிரியல் விஞ்ஞானி வால்டெமார் ஹாஃப்கின் பம்பாயில் தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பரேலில் இருக்கும் நிலையம் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

மாட்டுங்காவில் வளர்ந்தவள் நான். எங்கள் பேட்டைக்கும் பிளேக்குக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு அம்மா. 1898-இல் அமைத்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்தது. பின்னாளில் நம் தமிழ்க் குடும்பங்கள் குடியேறியது அங்கேதான். அகலத் தெருவும் காற்றோட்டமும் அந்தத் திட்டத்தின் பலன். ஆனால் பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு போட இடித்த சால்களில் (வரிசையாகச் சிறு அறைகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகளில்) இருந்த ஏழைகளுக்கு அந்த மனைகள் எட்டாத வாடகை. டிரஸ்ட் கட்டிய சால்களும் போதவில்லை. மில்லுக்கு நடந்தே போக வேண்டியவர்கள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினார்கள்.