வாசகர் கேள்வி: ரவுட்டரை அணைத்த பிறகும் அழியாத பாதை

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை அலுவலகங்கள் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளை அறிவிக்கும் ரிப் (RIP) நெறிமுறையிலும், நுவரெலியாத் தலைமையகம் ஓ.எஸ்.பி.எஃப். (OSPF) என்ற இன்னொரு நெறிமுறையிலும் இயங்குகின்றன. இரண்டுக்கும் இடையே பாதைகளைக் கைமாற்றும் எல்லை ரவுட்டர் பழுதானால் உதவும் என்று, அதே கட்டளைகளுடன், மெட்ரிக் (பாதையின் நீளத்தைக் காட்டும் எண்) 1 என்றே கொடுத்து, இன்னொன்றையும் ஹட்டனுடன் இணைத்தோம். அன்றிலிருந்து தலைமையகத்தால் பொகவந்தலாவையை எட்ட முடியவில்லை. அங்குள்ள ரவுட்டரை அணைத்தாலும் அதன் பாதை ஹட்டனின் அட்டவணையில் அப்படியே நிற்கிறது. ஏன்?
— வாசகர், ஹட்டன்

பதில்: அணைத்துப் பார்த்தீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. இல்லாத வலையமைப்பின் பாதையை ரவுட்டர்கள் தங்களுக்குள் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

முதல் எல்லை ரவுட்டர் பொகவந்தலாவைப் பாதையை ஹட்டனிடமிருந்து ரிப் வழியாகப் பெற்று ஓ.எஸ்.பி.எஃப். பக்கம் விடுகிறது. இரண்டாவது ரவுட்டருக்கு அதே பாதை இரு நெறிமுறைகளிலும் வருகிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் நிர்வாகத் தூரம் (எந்த நெறிமுறையின் பாதையை நம்புவது என்று முடிவுசெய்யும் எண்) ரிப்புக்கு 120, ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு 110 என்பதாலும், குறைந்ததே வெல்லும் என்பதாலும், அது நுவரெலியாவைச் சுற்றிவரும் பாதையை நம்பி, மெட்ரிக் 1 என்று ஹட்டனுக்கே திருப்பிச் சொல்கிறது. நோர்வூட் வழியான உண்மைப் பாதையின் மெட்ரிக் 2 ஆகையால் ஹட்டன் பொய்யையே தேர்ந்தெடுக்கிறது. பிறகு தரவுப் பொதிகள் ஹட்டன், இரண்டாம் ரவுட்டர், நுவரெலியா, முதல் ரவுட்டர், மீண்டும் ஹட்டன் என்று சுழன்று மடிகின்றன; பொதி போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரவுட் கட்டளையை ஓட்டினால் அதே முகவரிகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். ரிப்பில் மெட்ரிக் 16ஐத் தொட்டால் பாதை செத்துவிடும். ஆனால், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பழைய சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு எழுதுவதுபோல, எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை 1இலிருந்து தொடங்குவதால் 16 வருவதே இல்லை. அதற்காக மெட்ரிக்கை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஓ.எஸ்.பி.எஃப். பாதைகள் ரிப்புக்குள் நுழையவே மாட்டா.

முதலில் இரண்டாவது ரவுட்டரில் ஓ.எஸ்.பி.எஃப். பாதைகளை ரிப்புக்குள் விடும் கட்டளையை மட்டும் நீக்கிப் பாருங்கள். பொய்ப் பாதை மறைந்தால் நோய் இதுதான். பின்னர் இரு எல்லை ரவுட்டர்களிலும் ரவுட்மேப் (பாதைகளை வடிகட்டும் விதித்தொகுப்பு) எழுதி, ரிப்பிலிருந்து ஓ.எஸ்.பி.எஃப்.புக்குப் போகும் பாதைகளுக்கு 120 என்று டேக் (அடையாள எண்) இட்டு, எதிர்த்திசையில் அந்த டேக் உள்ளவற்றை மறுத்துவிடுங்கள். எஞ்சுவது, இரண்டாவது ரவுட்டர் இன்னமும் நுவரெலியாவைச் சுற்றியே போகும் வீண் பயணம். இரண்டிலும் ஓ.எஸ்.பி.எஃப். வெளிப்பாதைகளின் (வேறு நெறிமுறையிலிருந்து வந்தவற்றின்) நிர்வாகத் தூரத்தை 130 ஆக்கினால் அது நேரே ஹட்டனுக்குச் செல்லும்.