எல்லா டிமிட்ரோவும் உறவா?

அன்புள்ள ஐயா,

2025 விம்பிள்டனில் கிரிகோர் டிமிட்ரோவ் சின்னரை இரண்டு செட் முந்தியிருந்தும் காயத்தால் விலக நேர்ந்ததைப் பார்த்து மனசு கனத்துவிட்டது. பல்கேரியர் என்றதும் அப்பா அடிக்கடி சொல்லும் கம்யூனிஸ்ட் தலைவர் ஜார்ஜி டிமிட்ரோவ் நினைவுக்கு வந்தார். இருவரும் ஒரே குடும்பமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெயரை வைத்து உறவு சொல்ல முடியாது. பல்கேரியர்களுக்குத் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு. டிமிடரின் மகன் டிமிட்ரோவ், மகள் டிமிட்ரோவா. டிமிடர் ஒரு புனிதரின் பெயர் என்பதால் அங்கே ஊருக்கு ஊர் டிமிட்ரோவ்கள். ஜார்ஜியின் முழுப்பெயர் ஜார்ஜி டிமிட்ரோவ் மிகாய்லோவ். உலகம் அவரை அழைத்தது அவருடைய அப்பா பெயரால்தான்! கிரிகோரின் அப்பாவும் ஒரு டிமிடர். மகனுக்கு முதலில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தவர்.

உங்கள் அப்பா ஜார்ஜியைப் போற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்ததாக நாஜிகள் போட்ட வழக்கில், 1933இல் லைப்சிக் நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடினார். சாட்சி சொல்ல வந்த நாஜித் தலைவர் கோரிங்கைக் கேள்விகளாலேயே நிதானமிழந்து கத்த வைத்தார். விடுதலையும் ஆனார். ஆனால் அவர் பல்கேரியப் பிரதமராக இருந்த 1947இல், எதிர்க்கட்சித் தலைவர் நிகோலா பெட்கோவ் தூக்கிலிடப்பட்டார். இதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். லைப்சிக்கின் வீரத்தை மட்டும் பேசுவது பெட்கோவுக்குச் செய்யும் அநீதி.

சரி, என்னைக் கேட்டால், இந்தப் பெயர்க்காரர்களில் நாம் முதலில் அறிய வேண்டியவர் கவிஞர் பிளாகா டிமிட்ரோவா. முழுப்பெயர் பிளாகா நிகோலோவா டிமிட்ரோவா. அவருடைய அப்பா நிகோலா, டிமிட்ரோவா என்பது குடும்பப் பெயர். போர்க்காலத்தில் வியட்நாமுக்குப் பலமுறை போனவர், அங்கிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வந்தார். 1981இல் தணிக்கையில் வெட்டுப்பட்டு வெளிவந்த அவருடைய 'முகம்' நாவலைக் கம்யூனிஸ்ட் அரசு புழக்கத்திலிருந்தே எடுத்துவிட்டது. அப்படியும் அவர் அடங்கவில்லை. 1989 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மித்தரான் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்கு வந்து, அரசை எதிர்த்துப் பேசிய பன்னிரண்டு பேரைக் காலை உணவுக்கு அழைத்தபோது அந்த மேசையில் அவரும் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆட்சி சரிந்தது. 1992இல் குடியரசுத் துணைத் தலைவரானார், அடுத்த ஆண்டே ராஜினாமா செய்தார். பதவிக்காக வாயை மூடிக்கொள்ளாத எழுத்தாளர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவருடைய கவிதைத் தொகுப்புகள் ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள், அதைப் பற்றி விரிவாகப் பேசலாம்.

அன்புடன்