பள்ளி முதல்வருக்கு அனுப்பிய மின்னஞ்சல் எங்கே போகிறது?

சிங்கப்பூரில் பள்ளி அலுவலக நிர்வாகியாக இருந்து ஓய்வுபெற்றவர், சிறுதொழில் செய்யும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அக்கா, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ் வாசிப்புச் செயலி ஒன்றை நானும் நண்பரும் உருவாக்கியிருக்கிறோம். பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்பும். அக்டோபரில் பல பள்ளி முதல்வர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பள்ளி மாவட்ட அதிகாரியைப் பிடித்தால் போதும் என்று அமெரிக்க விற்பனைப் பயிற்சி ஒன்றில் சொன்னார்கள். இங்கே யாரைப் பிடிப்பது? தமிழுக்கென்று வந்தால்கூடப் பள்ளிகளுக்கு அக்கறை இல்லையா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுருக்கென்று தைத்தது. அக்டோபரில் தொடக்கப்பள்ளி எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் எழுத்துத் தாள்கள் அப்போதுதான் முடிந்திருக்கும். ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்கள். பிறகு மற்ற வகுப்புகளின் ஆண்டிறுதித் தேர்வு, மதிப்பெண் பதிவு, அடுத்த ஆண்டுக்கான வகுப்புப் பிரிப்பு, பாடநூல் பட்டியல் என்று நவம்பர் நடுப்பகுதி வரை மூச்சுவிட நேரமிருக்காது. உங்கள் மின்னஞ்சலை முதல்வர் பார்த்திருக்கவே மாட்டார். பள்ளியின் பொது முகவரிக்கு வருவதை அலுவலகத்தில் ஒருவர்தான் திறப்பார். ‘மகன் தண்ணீர்ப் போத்தலைப் பள்ளிப் பேருந்தில் விட்டுவிட்டான்’, ‘மருத்துவ விடுப்புச் சான்றிதழை இணைத்துள்ளேன்’ ஆகியவற்றுக்கு நடுவே ‘கற்றலில் புதிய புரட்சி’ என்று ஒன்று வந்து விழும். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது அத்தகைய கடிதங்களில் இரண்டாவது வரிக்குப் போனதில்லை.

அமெரிக்கப் பாடத்தை அமெரிக்காவுக்கே விட்டுவிடுங்கள். அங்கே பெரும்பாலான மாவட்டங்களில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கல்வி வாரியம் இருக்கிறது. மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் சேர்த்து அந்த மாவட்டமே வாங்க முடியும். இங்கே பள்ளிகளைக் குழுமங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்பாளரைக் கல்வி அமைச்சு வைத்திருக்கிறது. அவர் முதல்வர்களுக்கு வழிகாட்டுபவர், உங்களுக்குக் கொள்முதல் ஆணை தருபவர் அல்லர். நாடு முழுவதற்கும் பொதுவானதை அமைச்சே செய்துகொள்ளும். 2018இல் வந்த ‘மாணவர் கற்றல் தளம்’ என்னும் இணையவழிக் கற்றல் தளம் அப்படிப்பட்டது. அதில் இல்லாத எது உங்கள் செயலியில் இருக்கிறது என்பதுதான் எந்தப் பள்ளியிலும் முதல் கேள்வி.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் தமிழாசிரியர். தொடக்கநிலை மூன்றின் தமிழ்ப் பாடவேளை ஒன்றை நினைத்துப் பாருங்கள். நான்கைந்து வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் ஓர் அறைக்கு வந்து சேர வேண்டும். ஒருவன் கழிவறைக்குப் போய்விட்டு மெதுவாக வருவான். மடிக்கணினி வண்டியை ஆசிரியர் முன்கூட்டியே பதிவு செய்திருப்பார். அதில் இரண்டு கணினிகளில் மின்னேற்றம் இருக்காது. ஒரு பிள்ளைக்குக் கடவுச்சொல் மறந்துபோகும். இன்னொரு பிள்ளை அதைத் தவறாகத் தட்டித் தட்டிக் கணக்கே பூட்டிக்கொள்ளும். ஆசிரியர் மேசை மேசையாகக் குனிந்து சரிசெய்துவிட்டு நிமிரும்போது அரை மணி நேரத்தில் பாதி போயிருக்கும்.

இந்த நிலையில், எல்லாப் பிள்ளைகளின் பதிவையும் ஆசிரியருக்கு அனுப்புவோம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அவற்றை யார் உட்கார்ந்து கேட்பது? அவர்தான், வீட்டுக்குப் போய், இரவில். பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 46 மணி நேரம் வேலை செய்வதாகவும், வகுப்பில் கற்பிப்பது 18 மணி நேரம் என்றும் தெரியவந்தது. திருத்துவது, பெற்றோருடன் பேசுவது, கூட்டம், இணைப்பாட நடவடிக்கை எல்லாம் மிச்ச நேரத்தில். உங்கள் பதிவுகளும் அங்கேதான் போய்ச் சேரும். தொடக்கப்பள்ளித் தமிழாசிரியருக்கும் நிலைமை இலேசானதன்று. பள்ளியில் தமிழுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்றால் விழாவும் போட்டியும் அவர்கள் தலையில்தான். எனவே, எந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்குகிறது என்பதை மட்டும் ஒரு பக்கத்தில் காட்டுங்கள். கடவுச்சொல்லே வேண்டாம், வகுப்புக் குறியீடு போதும்.

தமிழாசிரியருக்குப் பிடித்துவிட்டால் விற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். அவரால் நேராக வாங்க முடியாது. தேவையை எழுத வேண்டும், துறைத் தலைவர் ஏற்க வேண்டும், ஒப்புதல் தருபவர் வேறொருவர். தொகையைப் பொறுத்துச் சிறு கொள்முதல், விலைப்புள்ளி, ஏலக்குத்தகை என்று வழி மாறும். பெரிய தொகை என்றால் அரசாங்கக் கொள்முதலுக்கான ஜீபிஸ் இணையத்தளத்தில் அழைப்பு விடுக்க வேண்டும். ஏதாவது ஒரு தாள் விடுபட்டால் கணக்காய்வில் பதில் சொல்பவர் அலுவலக ஊழியர். அவர் ‘இன்னொரு தாள் வேண்டும்’ என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் செயலிக்கு மட்டுமே பொருந்தும்படி தேவைப் பட்டியலை எழுதித் தருகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லவும் வேண்டாம். அவரைத்தான் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள்.

பிள்ளைகளின் குரல் பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும் என்பதைப் பள்ளி கேட்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

எப்போது போவது? பாடம் ஜனவரியில் தொடங்குகிறது, அரசாங்க நிதியாண்டோ ஏப்ரல் 1இல். இந்த இரண்டுக்கும் நடுவே அலுவலகம் படும் பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஏப்ரலில் தமிழாசிரியரைத் தேடிப் போகவே போகாதீர்கள்; தமிழ்மொழி விழாப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருப்பார். ஜூலையில் போங்கள். அடுத்த ஆண்டைப் பற்றிய பேச்சு சூடுபிடிக்கும் முன்னால் உங்கள் பெயர் அவர் காதில் விழுந்திருக்கும். ஒரே ஒரு வகுப்பில், ஒரு தவணைக்கு, கட்டணமில்லாமல் செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள். துறைத் தலைவர் சரி என்ற பிறகு, முதல் நாள் அந்த அறையில் நீங்களே நின்று கணினிகளைத் திறந்து கொடுங்கள்.

கேள்வி: பள்ளிகளில் நாடகப் பயிலரங்கு நடத்துகிறேன். முடிந்து இரண்டு மாதமாகியும் பணம் வரவில்லை. முதல்வரிடம் புகார் செய்யலாமா?
- யீஷூன் வாசகி

பதில்: பொறுங்கள். விலைப்பட்டியலை அரசாங்கத்தின் மின் விலைப்பட்டியல் தளம் வழியாக அனுப்பினீர்களா, கொள்முதல் ஆணை எண் சரியா, பயிலரங்கு நடந்ததற்கு ஆசிரியர் கையெழுத்து வாங்கினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அலுவலகத்தைப் பிற்பகலில் அழையுங்கள். காலை ஏழரைக்குத் தாமதமாக வந்த பிள்ளைகள் முகப்பில் வரிசையில் நிற்பார்கள்.

கேள்வி: தீபாவளிக்குப் பள்ளி அலுவலகத்துக்கு இனிப்புப் பெட்டி அனுப்பலாமா?
- பிடோக் வாசகர்

பதில்: வேண்டாம். அதைத் திருப்பி அனுப்புவது, இல்லையென்றால் மேலிடத்தில் சொல்லிப் பதிவு செய்வது என்று அந்த ஊழியருக்கு இன்னொரு வேலை. வாழ்த்து மட்டும் அனுப்புங்கள். முறுக்கை எனக்கு அனுப்பலாம், நான் ஓய்வுபெற்றுவிட்டேன்.