வெவ்வேறு கம்பெனி ஸ்மார்ட் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்க முடியுமா?

பல்புக்கு ஒரு ஆப், ப்ளக்குக்கு ஒரு ஆப், கதவு சென்சாருக்கு ஒரு ஆப், இவை எல்லாவற்றையும் ஒன்றாக வேலை செய்ய வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே எல்லா ஆப்பையும் எல்லா ஆப்போடும் இணைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

ஒருநாள் நள்ளிரவில் நடைவழி விளக்கு தானாக அணைந்தது. உடனே மங்கலாக எரிந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அணைந்து, மறுபடி எரிந்தது. நடமாட்ட சென்சாரின் மேல்தான் சந்தேகம் வந்தது. அதன் பேட்டரியைக் கழற்றினேன், ஆட்டம் நிற்கவில்லை. பல்பின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் குற்றவாளி நானேதான். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் விளக்கை அணை என்று ஹப்பில் (சாதனங்களை இணைத்து இயக்கும் மையப் பெட்டி) ஒரு விதி. இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு அணைந்தால் 10 சதவீத வெளிச்சத்தில் எரியட்டும் என்று பல்பு கம்பெனியின் ஆப்பில் இன்னொரு விதி, அதுவும் எப்போதோ நானே போட்டு மறந்தது. இரண்டும் சொன்னதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து ஆட்டோமேஷன் எல்லாம் ஒரே இடத்தில்தான். ஹோம் அசிஸ்டன்ட், கூகுள் ஹோம், ஆப்பிள் ஹோம் என்று பல கம்பெனி சாதனங்களையும் சேர்த்து இயக்கும் தளங்களில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனி ஆப்கள் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டுக்கு மட்டும் இருக்கட்டும்; அவற்றுக்குள் இருக்கும் விதிகளையும் டைமர்களையும் ஒன்றுவிடாமல் அழித்துவிடுங்கள்.

அடுத்து, பெட்டியில் பிராண்டின் பெயரை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அது எந்த ரேடியோவில் பேசுகிறது என்பதை. வைஃபை என்றால் நேரடியாக ரவுட்டரில் சேரும். ஜிக்பீ என்றால் ஹப் வேண்டும். த்ரெட் என்றால் பார்டர் ரவுட்டர், அதாவது த்ரெட் சாதனங்களை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் கருவி, வேண்டும். சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலேயே அது உள்ளடங்கி இருக்கும். ஜிக்பீ, த்ரெட் இரண்டும் 802.15.4 என்ற ஒரே ரேடியோ தரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனாலும் ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அமேசான், ஆப்பிள், கூகுள் எல்லாம் 2019 டிசம்பரில் கைகோத்தன. அதில் பிறந்த பொதுத் தரம் 2022 அக்டோபரில் வந்தது. பெயர் மேட்டர். (தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் விவகாரமான பெயர்தான், என்ன செய்ய.) வைஃபை, த்ரெட், ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) மூன்றின் மேலும் இது ஓடும். ஒரே பல்பை ஒரே நேரத்தில் பல ஆப்களில் சேர்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

பலர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். பல்பின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு முதல்முறை சேர்ப்பதற்கு. இரண்டாவது ஆப்பில் சேர்க்க அதையே மறுபடி ஸ்கேன் செய்தால் வேலை நடக்காது. முதல் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய், பகிர்வதற்கான புது 11 இலக்க எண்ணை வாங்கி, அதை இரண்டாவது ஆப்பில் கொடுக்க வேண்டும். அந்த எண் சில நிமிடங்களுக்குத்தான் செல்லும். இது தெரியாமல் பல்பை ரீசெட் செய்து ரீசெட் செய்தே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

பழைய ஜிக்பீ சாதனங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பல ஹப்கள் தங்களிடம் உள்ளவற்றை மேட்டர் வழியே வெளியே காட்டும். ஆன்-ஆஃப், வெளிச்சம், நிறம் எல்லாம் வந்துவிடும். கம்பெனிக்கே உரிய சிறப்பு எஃபெக்ட்கள் பெரும்பாலும் வராது.

எல்லாம் சரியாகச் செய்தும் சாதனங்கள் அடிக்கடி காணாமல் போகிறதா? கெஸ்ட் வைஃபையில் சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், அதில் உள்ளவை பொதுவாக ஒன்றையொன்று பார்க்க முடியாது. ரவுட்டரில் ஐபிவி6-ஐ (நெட்வொர்க்கில் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் புதிய முறை) அணைத்திருந்தால் மேட்டர் தடுமாறும். ஜிக்பீ டாங்கிளை (கணினியில் சொருகும் சின்ன ஜிக்பீ ரேடியோ) யுஎஸ்பி 3.0 போர்ட்டில் நேரடியாகச் சொருகியிருந்தால், அந்த போர்ட்டின் ரேடியோ இரைச்சலே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலை விழுங்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். சுவர் ஸ்விட்சையும் கவனியுங்கள். மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பல்புகள் பேட்டரி சென்சார்களின் செய்தியைக் கைமாற்றிவிடுகின்றன. யாராவது ஸ்விட்சை அணைத்தால் பல்போடு சேர்ந்து, அதை நம்பியிருந்த சென்சாரும் தொடர்பறுந்து நிற்கும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு பரிசோதனை செய்யுங்கள். ரவுட்டரை ஓடவிட்டு, அதற்கு வரும் இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். அப்போது எது நின்றுபோகிறதோ அது கம்பெனியின் க்ளவுடை நம்பி ஓடுகிறது என்று அர்த்தம். நான் முதல்முறை பிடுங்கியபோது என் வீட்டில் சொன்னபடி கேட்டது இரண்டு பல்பும் ஒரு ப்ளக்கும்தான்.