ஜவ்வோடு எலும்பும் பெயர்ந்து வந்தால்: முழங்கால் முறிவுக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். என் 12 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்ததில், முழங்காலுக்குள் ஏசிஎல் எனப்படும் முன் சிலுவை ஜவ்வு பிடித்திருக்கும் இடத்தில் எலும்பு பெயர்ந்துவிட்டது. ஒருவர் மாவுக்கட்டு போதும் என்கிறார், இன்னொருவர் அறுவைச் சிகிச்சை என்கிறார். யாரை நம்புவது?

பதில்: பெயர்ந்த எலும்புத் துண்டு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும். பெரியவர்களுக்கு ஜவ்வு அறுந்துபோகும் அதே இழுப்பில், சிறுவர்களுக்கு ஜவ்வு தாங்கிக்கொள்ள, இன்னும் முழுமையாக எலும்பாகாத அதன் அடித்தளம் பெயர்ந்து வந்துவிடுகிறது. 1959இல் மேயர்ஸ், மெக்கீவர் ஆகிய இருவரும் வகுத்த மூன்று நிலைகளைத்தான் இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். துண்டு அசையாமல் இருந்தால் அது முதல் நிலை. சில வாரங்கள் மாவுக்கட்டு போதும். முன்பக்கம் மட்டும் பறவையின் அலகு போலத் தூக்கி, பின்பக்கம் ஒட்டியிருந்தால் இரண்டாம் நிலை. முற்றிலும் பெயர்ந்திருந்தால் மூன்றாம் நிலை. இதற்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான்.

கருத்து வேறுபாடு எழுவது இரண்டாம் நிலையில்தான். மூட்டில் தேங்கிய இரத்தத்தை ஊசியால் எடுத்துவிட்டு, காலை நீட்டி வைத்து மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். துண்டு தன் குழியில் உட்கார்ந்துவிட்டால் கட்டுப் போட்டுவிடலாம். உட்காரவில்லை என்றால், மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்பின் முன்நுனியோ, இரண்டு மெனிஸ்கஸ்களையும் இணைக்கும் நாரோ துண்டுக்கு அடியில் சிக்கியிருக்கக்கூடும். அப்படிச் சிக்கிவிட்டால் வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி வழியாக உள்ளே போய், சிக்கியதை விலக்கித்தான் துண்டை அமர்த்த வேண்டும். காலை நீட்டிய பிறகு பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தை இருவரிடமும் காட்டிக் கேளுங்கள். கருத்து வேறுபாடு அநேகமாக அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஏசிஎல்லோடு பெயர்ந்த துண்டைப் பொருத்த ஸ்க்ரூ நல்லதா, நூல் கட்டு நல்லதா? பிள்ளையின் கால் வளர்ச்சி நின்றுவிடாதா?

பதில்: துண்டு பெரிதாக, ஒரே கட்டியாக இருந்தால் ஸ்க்ரூ பிடிக்கும், நொறுங்கியிருந்தால் ஸ்க்ரூ அதை மேலும் உடைத்துவிடும். அப்போது ஜவ்வின் அடிப்பகுதியில் உறுதியான நூலைக் கோத்து, கீழ்க்கால் எலும்பில் துளைக்கும் இரு மெல்லிய துளைகள் வழியாக வெளியே இழுத்து, எலும்பின் முன்புறம் முடிச்சிடுவோம். வளரும் பிள்ளைகளுக்கு ஸ்க்ரூ, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித்தட்டைத் தாண்டாத அளவில் குட்டையாக இருக்க வேண்டும். நூல் துளைகள் அந்தத் தட்டைக் கடந்தாலும் மெல்லியவை என்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் வளர்ச்சி முடியும்வரை அவ்வப்போது காட்டி வருவது நல்லது. என் கை நூல் பக்கமே சாயும், ஏனென்றால் பின்னாளில் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

கேள்வி: என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து மூன்று வாரமாகிறது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது பிசிஎல் எனப்படும் பின் சிலுவை ஜவ்வு எலும்போடு பெயர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். தாமதமாகிவிட்டதா?

பதில்: இருசக்கர வாகன விபத்துகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் காயம் இது. மடங்கிய முழங்காலின் முன்புறம் தரையிலோ வண்டியிலோ மோத, கீழ்க்கால் எலும்பு பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஜவ்வு தன் பிடிமானத்தைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. நேர்ப்படத்தில் இது எளிதில் மறைந்துகொள்ளும், பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு முழங்கால்களையும் மடக்கிப் பக்கத்திலிருந்து பாருங்கள். அடிபட்ட காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்தது போலிருக்கும்.

மூன்று வாரம் என்பது கடைசி நேரம் அல்ல, ஆனால் இனியும் தள்ளிப்போட வேண்டாம். நாள் ஆக ஆகக் குழியில் தழும்புத் திசு நிரம்பிவிடும். அதைச் சுரண்டி எடுத்த பிறகே துண்டு உட்காரும். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலின் பின் உட்புறத்தில் கீறி, கெண்டைத் தசையின் உட்பகுதியை வெளிப்புறமாக விலக்குவோம். பெரிய இரத்தக்குழாயும் நரம்பும் அந்தத் தசைக்குப் பின்னால் பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்ளும். 1990இல் பர்க்ஸ், ஷாஃபர் இருவரும் எளிமைப்படுத்திய வழி இது. பிறகு வாஷரோடு ஒரு 4 மி.மீ. ஸ்க்ரூ. எலும்பு எலும்போடு கூடிவிட்டால் அவருடைய சொந்த ஜவ்வே நிலைத்துவிடும், வேறிடத்திலிருந்து நார் எடுத்துப் புது ஜவ்வு அமைக்க வேண்டியதில்லை. வீட்டில் படுக்கும்போது தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள். குதிகாலுக்கு மட்டும் வைத்தால் எலும்பு பின்னுக்குச் சரியும்.

கேள்வி: முழங்காலின் வெளிப்பக்கத்தில் நகக்கீற்று அளவு சீவல் தெரிகிறது. அதற்கும் அறுவைச் சிகிச்சையா?

பதில்: அந்தச் சீவலுக்குப் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அது சொல்லும் சேதிதான் முக்கியம். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1879இல், பால் செகோன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் விவரித்த முறிவு இது. இந்த முறிவு இருந்தால் ஏசிஎல்லும் கிழிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள். சீவல் சற்றுக் கீழே, கீழ்க்காலின் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையிலிருந்து வந்ததென்றால், பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். அந்த எலும்பைச் சுற்றித்தான் பாதம் தூக்கும் நரம்பு ஓடுகிறது.

கேள்வி: மகளுக்கு ஏசிஎல்லோடு பெயர்ந்த துண்டைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் கால் முழுதாக மடங்கவில்லை. மயக்கம் கொடுத்து மடக்கிவிடலாமா?

பதில்: வெறுமனே மடக்க வேண்டாம். வளரும் பிள்ளைகளிடம் அப்படி அழுத்தியதில் தொடையெலும்பின் கீழ் வளர்ச்சித்தட்டு முறிந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பிசியோதெரபியில் முன்னேற்றம் நின்றுவிட்டால், முதலில் ஆர்த்ராஸ்கோப்பியில் தழும்பை அகற்றி, அதன் பிறகே மென்மையாக மடக்க வேண்டும். இந்த முறிவில் துண்டு கூடாமல் போவதைவிட மூட்டு இறுகிவிடுவதற்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். அதனால்தான் பொருத்துதல் உறுதியாக இருந்தால் சீக்கிரமே மடக்கத் தொடங்கச் சொல்கிறோம்.

கேள்வி: எலும்பு கூடியபின் ஜவ்வு சற்றுத் தளர்ந்தே இருக்கும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். எலும்பு பெயர்வதற்கு முன் ஜவ்வும் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. சோதனையில் என் கைக்குத் தெரியும் அந்தத் தளர்ச்சி, ஓடியாடும் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதே இல்லை.